பந்தய வட்டத்தின் குறுக்கே

ஓய்வு பெற்ற பிறகு மதுரை கே.கே. நகரில் என் வீட்டு அழைப்புமணியை அடிக்கிறவர்கள் இரண்டே வகை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், மனு எழுத வருகிறவர்கள். முதல் வகையினர் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாம் வகையினர் காபியை ஆறவிட்டுப் பையைத் திறப்பார்கள். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், எந்த விதியைச் சுட்டினால் விழிக்கும் என்பதெல்லாம் தெரியும். இதற்கு யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. என் மனைவி இதை வேறு மாதிரிச் சொல்வாள்.

"சர்வீஸ்ல இருந்தப்ப மனுவைத் தள்ளுபடி செஞ்சீங்க. இப்ப உக்காந்து அதையே எழுதிக் குடுக்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல பென்ஷன் வேற."

அந்தப் பெரியவர் வந்தது ஒரு மாசி மாதக் காலை. மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கரிசல் காட்டுக் கிராமத்திலிருந்து மகள் அவரை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டி வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்குகிற வரை அவர் பேசவில்லை. மகள்தான் பேசினாள்.

"நுரையீரல்ல கோளாறுங்கய்யா. சித்திரை தாண்டுறது சிரமம்னு டாக்டர் சொல்லிட்டாக."

அவர் முன்னாலேயே சொன்னாள். அவரும் பக்கத்து வீட்டுச் சமாச்சாரத்தைக் கேட்பது போலத் தலையாட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். லேமினேஷன் செய்த தாள். உள்ளே காகிதம் பழுத்துப் போயிருந்தது.

"இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுதுங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று வரி. "மனுதாரர் முன்னிலையில் நேரில் தணிக்கை செய்தேன். புலத்தில் சோளப் பயிர் உள்ளது. பாதை ஏதும் இல்லை. மனு ஏற்கத்தக்கதல்ல." கீழே வருவாய் ஆய்வாளர் என்று முத்திரை. முத்திரைக்கு மேல், வால் நீண்ட என் கையெழுத்து. அந்த வாலை இப்போது குறைத்துவிட்டேன்.

"என்னுடையதுதான்," என்றேன்.

"தெரியும்ங்கய்யா. அதனாலதான் வந்தேன். வேற ஆளுகட்ட போனா இந்தத் தாளைக் காமிச்சு அனுப்பிச்சிர்றாங்க."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் மறக்கக்கூடிய நாள் அல்ல. ஏனென்றால் அதை ஒரு வேடிக்கைக் கதையாக அலுவலகத்தில் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருக்கும். அவர்கள் ஊருக்கும் அவர்களுடைய இடுகாட்டுக்கும் நடுவே ஒரு மைல் அகலத்துக்குப் பட்டாக் காடுகள். மதுரைக்காரர் ஒருவர் நடுவில் கொஞ்சம் நிலம் வாங்கி வேலிக்குக் கல் ஊன்ற ஆரம்பித்தார். அப்போது நடுவயதில் இருந்த இந்த மனிதர், இடுகாட்டுப் பாதையை வரைபடத்தில் ஏற்றித் தரும்படி மனுக் கொடுத்தார். மனு என்னிடம் வந்தது. பீல்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து "நேரில் தணிக்கை செய்தேன்" என்று எழுதுகிறவர்கள் துறையில் ஏராளம். நான் அப்படியல்ல. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போகிறவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அன்றும் போனேன். கார்த்திகை மாதம். இடுப்பளவு சோளம் நின்றது.

"பாதையக் காட்டுய்யா," என்றேன்.

சோளத்தைக் கை நீட்டிக் காட்டினார். "இந்தா, இதுதான் சார்."

"எங்கய்யா? சோளம்ல நிக்குது."

"இப்ப சோளம் நிக்குது சார். ஆள் செத்தா பாதை வரும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் விளக்கினார். மழை பெய்ததும் அவரவர் காட்டை மூலைவரை உழுது விதைத்துவிடுவார்கள். ஒரு சாண் மண்ணையும் சும்மா விட மாட்டார்கள். ஊரில் யாராவது இறந்துபோனால், காட்டுக்காரரே முன்னால் வந்து பயிரை மிதித்து வழிவிடுவார். அதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பயிர் போயிற்றே என்று சொல்வதும் இல்லை. ஐப்பசியிலிருந்து தைக்குள் ஊரில் ஒரு சாவும் விழாவிட்டால் அந்த வருடம் பாதையே இருக்காது. அறுவடைக்குப் பிறகு மாடும் ஆளும் நடந்து மறுபடி தடம் விழும்.

நான் கேட்டுக்கொண்டேன். புரியவும் செய்தது. ஆனால் என் படிவத்தில் "பாதை உள்ளதா?" என்று ஒரு கட்டம்தான் இருந்தது; "எப்போது?" என்று ஒரு கட்டம் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். சட்டப்படி அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அலுவலகத்துக்கு வந்து, "ஆள் செத்தா பாதை வருமாம்யா" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த மதுரைக்காரர் வேலி போடவில்லை; கையில் காசில்லாமல் விற்றுவிட்டார். பாதை பாட்டுக்குச் சோளத்துக்குள் போயும் வந்தும் கொண்டிருந்தது. பிறகுதான் குதிரைகள் வந்தன.

எங்கிருந்தோ ஒரு நிறுவனம் அந்தக் காடுகளைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது. குதிரைப் பந்தய மைதானம், அதை ஒட்டி ஒரு பெரிய ஹோட்டல், ஹோட்டலுக்குள் கேசினோ. ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அதைப் பற்றித்தான் பேசினார்கள். கேசினோ நடத்த இங்கே சட்டத்தில் இடமில்லை என்பது விண்ணப்பம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால் காகிதத்தில் அது "பல்நோக்குப் பொழுதுபோக்கு அரங்கம்". என்றைக்காவது சட்டம் மாறினால் மறுநாள் காலை திறப்பதற்குத் தயாராக ஒரு அறை. அந்த அளவு பொறுமை இறைவனுக்காகக் காத்திருப்பவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

"வட்டமா மணல் கொட்டி வெள்ளைக் கம்பி போட்டுட்டாங்க," என்றாள் மகள். "எங்க பாதை அதுக்குக் குறுக்க போகுது. சுத்தி முள்வேலி. மெயின் ரோட்டைச் சுத்தி வேன்ல கொண்டுபோகச் சொல்றாங்க. எங்க அம்மா அங்குட்டுத்தான் அடங்கியிருக்கு."

பெரியவர் கையை உயர்த்தினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு மட்டும்னா நான் கேக்க மாட்டேன்யா. வேன்ல ஏத்துனா எனக்கென்ன தெரியவா போகுது? ஆனா முதல் பொணம் சுத்திப் போச்சுன்னா அப்புறம் அம்புட்டுப் பொணமும் சுத்தித்தான் போகணும். வேலி போட்ட பெறகு இன்னும் எங்க ஊர்ல சாவு விழல. அடுத்தது நான்தான். நான் நேர போயிட்டேன்னா பாதை வந்திரும். வந்ததும் உங்க ஆபீஸ்ல ஆள் வந்து பாக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

தன் சாவை அவர் ஒரு சாட்சியாகத் தாக்கல் செய்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு ஆவணத்தை யாரும் என் மேசையில் வைத்ததில்லை.

அவர்கள் போன பிறகு மனைவி ஆறிப்போன காபியை எடுக்க வந்தாள். தாளைப் படித்தாள்.

"இதுக்கு உங்க பென்ஷன்ல கை வப்பாங்களா?"

"மாட்டாங்க. ரிட்டயர் ஆனவன் மேல நாலு வருஷத்துக்கு முந்தின சங்கதிக்கு நடவடிக்கை எடுக்க முடியாது. ரூல் அப்படி."

"அப்ப தைரியமா உண்மையைச் சொல்லலாம்," என்றாள். அவள் சொன்ன விதம் பாராட்டு அல்ல.

அந்தத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மணமேடையில் அதிகாரிகள், பின்னால் மணமக்கள் பெயர் வைக்கும் இடத்தில் பாய்கிற குதிரையின் படம். எனக்கு முன்வரிசையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர்.

"கேசினோன்னா என்ன மாப்ள?"

"நம்ம கம்மாக்கரை சீட்டுக் கச்சேரி இருக்குல்ல, அதுக்கு ஏசி மாட்டி டை கட்டிவிட்டா கேசினோ."

"போலீஸ் வராதா?"

"வரும். வாசல்ல நின்னு சல்யூட் அடிக்கும்."

வேலை கிடைக்கும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கரிசல் காடு இப்போது யாருக்கும் சோறு போடுவதில்லை. என் முறை வந்தபோது எழுந்து, லேமினேட் செய்த தாளைக் காட்டி, இதை எழுதியவன் நான்தான், இது தவறு என்று சொன்னேன். மேடையில் இருந்த கோட்டாட்சியர் இளம்பெண்; தேர்வு எழுதி நேராக அந்த நாற்காலிக்கு வந்தவர். ஒழுங்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, நீங்க நேர்ல போய்ப் பாத்துத்தானே எழுதினீங்க?"

"ஆமாம்மா."

"அன்னைக்குப் பாதை இருந்துச்சா?"

"கண்ணுக்குத் தெரியல."

"அப்ப அறிக்கை சரிதானே?"

"சரிதான்," என்றேன். "ஆனா தப்பு."

மண்டபம் சிரித்தது. நிறுவனத்தின் மேனேஜரும் மரியாதையாகச் சிரித்தார். இன்ன தேதிக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, எனவே பழைய உத்தரவு உறுதியாகிவிட்டது என்று அவர் சொன்னார். நானே எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம். நான் சொல்லும்போது இவ்வளவு இனிமையாகச் சொன்னேனா என்று நினைவில்லை. கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. மறுவாரம் தலத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

வந்தார். நானும் போனேன். பெரியவரை ஒரு ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தாள் மகள். கரிசல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஆற்று மணல் பரப்பி, டிராக்டரில் பரம்பு இழுத்துச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். வெள்ளைக் கம்பி இரண்டு வரிசை. அது ஒரு பெரிய முட்டை போல வளைந்து போயிற்று. நடுவே பாதி எழும்பிய ஹோட்டலின் கண்ணாடியில் வானம் தெரிந்தது. ஊரில் யாராவது இறந்தால் பெண்கள் அழுதபடி கூட வந்து ஒரு இடத்தில் நின்று திரும்பிவிடுவது அவர்கள் வழக்கம். அதற்கு மேல் ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் திரும்புகிற அந்த இடத்தில்தான் இப்போது இரும்புக் கேட் நின்றது.

"எங்கய்யா பாதை?" என்று கோட்டாட்சியர் பெரியவரைக் கேட்டார்.

அவர் மணலைக் கை நீட்டிக் காட்டினார். அதே கை நீட்டல்.

"இப்ப இல்லம்மா. ஆள் செத்தா வரும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. புறப்படும்போது, "அப்படி வந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்று தன் எண்ணை எனக்குக் கொடுத்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

பயிற்சிக்காக மூன்று குதிரைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவற்றில் ஒரு செம்மண் நிறக் குதிரையை ஒருவர் மணலில் நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தாடி, தலையில் துண்டு. பழைய நகரத்துக்காரர். அவருடைய அத்தா ரயில்வே ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவராம். இவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்து, அதையும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு இங்கே சம்பளத்துக்கு வந்திருந்தார். பெரியவர் அவரை அழைத்தார்.

"தம்பி, இது எம்புட்டுத் தின்னும்?"

"ஹோட்டல்காரன் குடுக்கிறதத் தின்னும் அண்ணே. நான் குடுத்தப்ப கம்மியாத் தின்னுச்சு."

"பொணத்தைப் பாத்தா மிரளுமா?"

குதிரைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மய்யித்து என்னண்ணே செய்யப்போகுது மிரள்றதுக்கு? கொட்டுச் சத்தத்துக்குத்தான் மிரளும். இது நம்ம குதிரை, பேண்டு செட்டுக்கு முன்னால நடந்தது, அசையாது. அந்த ரெண்டும் வெளியூர்க் குதிரைக. அதுக மிரளும்."

"பழக்கி வச்சுக்க," என்றார் பெரியவர். "நான் இந்தப் பக்கமா வாரேன்."

சித்திரை தாண்டினார். டாக்டருக்கு அது ஒன்றுதான் தவறியது. வைகாசியில் ஒரு நாள் அதிகாலையில் மகள் போன் செய்தாள். "அப்பா போயிருச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி கழித்து, "பன்னெண்டு மணிக்கு எடுக்குறோம்" என்றாள். நான் கோட்டாட்சியரை அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். ஆரப்பாளையத்தில் முதலில் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே போனேன். கலெக்டர் ஆபீஸில் ஆய்வுக் கூட்டம், போனை வெளியே வைத்திருக்கிறார்கள் என்று அவர் டிரைவர் கடைசியில் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட் முன்னால் கூட்டம் நின்றது. தேர் கட்டி, அதன்மேல் பெரியவரை உட்கார்த்திவைத்த மாதிரிச் சாய்த்திருந்தார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்திவிட்டு வேலியோர நிழல் தேடிக்கொண்டிருந்தார்கள். நிழல் இல்லை. கேட்டுக்கு உள்பக்கம் மேனேஜர், கையில் ஒரு தாளும் பேனாவுமாக. குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர்.

"சார், நல்ல வேளை வந்தீங்க. நாங்க தடுக்கவே இல்ல. மனிதாபிமான அடிப்படையில இன்னைக்கு ஒரு தடவை போகட்டும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. குடும்பத்துல ஒருத்தர் இதுல கையெழுத்துப் போட்டா போதும். கேட்டைத் திறந்துர்றேன்."

தாளை வாங்கிப் படித்தேன். நல்ல தமிழ். கம்பெனியின் அனுமதியைக் கோரிப் பெற்று, இந்த ஒரு முறை மட்டும் செல்கிறோம். இதனால் எங்களுக்கோ ஊராருக்கோ எவ்வித உரிமையும் ஏற்படாது. எழுதிக் கொடுத்த வக்கீல் விவரமானவர். நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "கையெழுத்துப் போடலாமாங்கய்யா? வெயில்ல வச்சிருக்கோம்."

கூட்டத்தில் ஒருவர், "போட்டுத் தொலத்தா, எம்புட்டு நேரம் மனுசனை நிறுத்தி வைக்கிறது" என்றார்.

அவர் சொன்னதும் சரி. பூக்கள் வாட ஆரம்பித்திருந்தன. பெரியவரின் முகத்தில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நான் அவளிடம் எளிமையாகச் சொல்ல முயன்றேன்.

"கேட்டு வாங்கிக்கிட்டுப் போனா அது அவங்க தயவும்மா. கேக்காமப் போனாத்தான் அது வழக்கம். இதுல நீ கையெழுத்துப் போட்டா உங்க அப்பா இன்னைக்கு உங்க அம்மாகிட்ட போயிருவாரு. ஆனா பாதை போயிரும். அடுத்த ஆளுக்கு இவங்க இந்தத் தாளைத்தான் காட்டுவாங்க."

"நான் போடலைன்னா?"

"தெரியலம்மா. திறக்க மாட்டாங்க. வேன்ல சுத்திப் போகவேண்டி வரலாம். அப்பவும் பாதை போயிரும்."

இப்படி ஒரு ஆலோசனையைச் சொல்லத்தான் நான் இத்தனை விதிகளைப் படித்திருந்தேன். அவள் தேரின் பக்கம் போனாள். அப்பாவின் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்வது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து மேனேஜரிடம் தாளைக் கொடுத்தாள்.

"நாங்க கேக்கலங்க," என்றாள். "கேக்க வரல. போக வந்திருக்கோம்."

"மேடம், கேக்காம எப்படி..."

"எங்க ஆத்தா போனப்பக் கேக்கல. எங்க தாத்தா போனப்பக் கேக்கல. நிக்கிறோம்."

நின்றோம். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். கொட்டுக்காரர்களில் ஒருவர் நின்றபடியே மெதுவாக ஒரு அடி அடித்தார், பிறகு இன்னொன்று. உள்ளே தூரத்தில் இரண்டு குதிரைகள் காதை விடைத்தன. ஆட்கள் அவற்றைப் பிடித்து லாயத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். செம்மண் குதிரை மட்டும் அசையவில்லை. அதன் வாரைப் பிடித்தபடி குதிரைக்காரர் கேட்டுக்கு நடந்து வந்தார். கேட்டின் இந்தப் பக்கம் தேரைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார்.

"வாரேன்னு சொன்னாரு," என்றார். "வந்துட்டாரு."

பிறகு காவலாளியைப் பார்த்து, "தாப்பாளை எடுப்பா. மய்யித்தை நிறுத்தி வைக்கக் கூடாது" என்றார்.

"மேனேஜர் சொல்லணும் பாய்."

"அவரு சொல்றப்ப சொல்லட்டும்." அவரே தாழ்ப்பாளைத் தூக்கினார். பூட்டியிருக்கவில்லை. இத்தனை நேரமும் அது வெறும் தாழ்ப்பாள்தான் என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

கொட்டு எழுந்தது. ஆண்கள் தேரைத் தோளுக்கு ஏற்றினார்கள். கம்பி வரிசையில் குதிரைகளுக்காக விட்டிருந்த இடைவெளியில் வளைந்து, தேர் மணலில் இறங்கியது. கால்கள் கணுக்கால் வரை புதைந்தன, தூக்கியவர்கள் தள்ளாடினார்கள். குதிரைக்காரர் வாரைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு ஓடிப் போய் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார், பத்தடி, பதினைந்தடி. பிறகு வேறொருவர் மாற்றிக்கொண்டார். யாரும் அவரை யார் என்று கேட்கவில்லை. பொரியும் பூவும் மணலில் விழுந்துகொண்டே போயின. வட்டத்தின் ஒரு கையைத் தாண்டி, நடுவில் புல் விதைத்த இடத்தைத் தாண்டி, மறு கையைத் தாண்டி, மறுபக்க வேலியில் மண் வண்டிகளுக்காக விட்டிருந்த திறப்பில் நுழைந்து மறைந்தது தேர். பெண்கள் கேட்டில் நின்றுவிட்டார்கள். மகளும்.

நானும் போகவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் என்று எனக்கு நிச்சயமில்லை.

மேனேஜர் திரும்பி வந்தார். கோபப்படவில்லை, கோபப்படாத அளவுக்கு அவர் படித்தவர். டிராக்டரைக் கூப்பிட்டார். பரம்பை மாட்டிக்கொண்டு அது வந்தது, மணலைச் சமப்படுத்துவதற்கு. பந்தயத் தடத்தில் ஒரு மேடு பள்ளம் இருக்கக் கூடாதாம், குதிரையின் கால் முறிந்துவிடுமாம். அதுவும் உண்மைதான். அரை மணி நேரத்தில் அங்கே ஒன்றும் நடந்திருக்காது.

குதிரைக்காரர் செம்மண் குதிரையைக் கொண்டுபோய்ச் சரியாக டிராக்டருக்கு முன்னால், காலடித் தடத்தின் மேல் நிறுத்தினார்.

"நகத்து பாய்," என்றான் டிரைவர்.

"நகத்த முடியாது. கொட்டுச் சத்தத்துல கலங்கி நிக்குது. இப்ப வண்டிச் சத்தம் போட்டா உதைக்கும். ஆறட்டும்."

குதிரை கலங்கியதாகத் தெரியவில்லை. குனிந்து மணலில் கிடந்த பொரியை உதட்டால் பொறுக்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து ஏதோ சொன்னார். "தெரியும் சார், நாளையில இருந்து வரல" என்றார் இவர். குதிரை ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த நேரத்துக்குள் கோட்டாட்சியரின் ஜீப் வந்தது. கூட்டம் முடிந்து என் செய்திகளைப் பார்த்து நேராக வந்திருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கேட்டில் நின்று பார்த்தார். நூற்றுக்கணக்கான காலடிகள், பொரி, செவ்வந்தி, ஓரிடத்தில் கழன்று விழுந்த ஒரு செருப்பு. கேட்டிலிருந்து மறுபக்க வேலி வரை ஒரே கோடு. அந்த முட்டை வட்டத்தை அது இரண்டாக வகிர்ந்திருந்தது.

"இதுதானா?" என்றார்.

"இதுதாம்மா," என்றேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கப்போனார். அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் நான் சுட்டிய விதிகளில் எனக்குத் தெரிந்து பயன்பட்டது இது ஒன்றுதான்.

"அம்மா, தணிக்கை மனுதாரர் முன்னிலையில நடக்கணும். மனுதாரர் இறந்துட்டா வாரிசு முன்னிலையில. இல்லாட்டி நாளைக்கு இதைச் செல்லாதுன்னு சொல்லிருவாங்க."

"வாரிசு யாரு?"

பெண்கள் கூட்டத்திலிருந்து மகள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த கிழவி அவள் கையைப் பிடித்தாள். "பொம்பளை அங்கிட்டுப் போகக் கூடாதுத்தா."

"சர்க்கார் கூப்பிடுது அத்தே," என்றாள் மகள். கையை விடுவித்துக்கொண்டு, செருப்பைக் கேட்டருகே கழற்றி வைத்தாள்.

இரண்டு பெண்களும் முன்னால் நடந்தார்கள். நான் சாட்சியாகப் பின்னால். கோட்டாட்சியர் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். மகள் எதையும் எண்ணவில்லை. பூக்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். அப்பா வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பாதையில் அவள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்று நடக்கும்போதுதான் சொன்னாள். அம்மாவைக் கொண்டுபோனபோதும் கேட் இருக்கிற அந்த இடத்தோடு நின்றுவிட்டாளாம். மறுபக்கத் திறப்பைத் தாண்டியதும் கரிசல் தெரிந்தது. மண் தள்ளிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்து மண்வெட்டிகளை நிறுத்தினார்கள். ஒருவர் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்.

"இதுல எங்க அம்மா எது?" என்று அவள் கேட்டாள். ஒருவர் காட்டினார். புதுக்குழிக்கு ஒரு முழம் தள்ளி, மேடு கரைந்து, மேலே நெருஞ்சி படர்ந்திருந்தது.

கோட்டாட்சியர் வேலிக்கம்பத்தின் மேல் நோட்டை வைத்து எழுதினார். "வாரிசு முன்னிலையில் நேரில் தணிக்கை செய்தேன். ஊரிலிருந்து இடுகாடு வரை பாதை உள்ளது." என்னிடம் பேனாவை நீட்டினார். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பல வருடமாகக் குறைத்து வைத்திருந்த வால் அன்றைக்குத் தானாக நீண்டுவிட்டது.

நிறுவனம் மேல்முறையீடு செய்திருக்கிறது. கோப்பில் என் மூன்று வரியும் அவர் இரண்டு வரியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. எது நிற்கும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். கோட்டாட்சியரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது வழக்கமான மாறுதல் என்று உத்தரவில் இருக்கிறது. குதிரைக்காரரைப் பசுமலையில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்தேன். குதிரை வேறு. போன மாதம் மகள் போன் செய்தாள். மணலைச் சமப்படுத்திவிட்டார்களாம், ஆனால் கேட்டுக்கு இன்னும் பூட்டுப் போடவில்லையாம்.

"ஊர்ல எல்லாரும் சுகமா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன்.

"சுகந்தாங்கய்யா," என்றாள். "யாருக்கும் ஒண்ணுமில்ல."

"நல்லதும்மா," என்றேன்; அப்படியென்றால் பாதையும் இன்னும் வரவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.